காசு கொடுத்து வாங்கிய புகை

புகை என்றாலே எனக்கு ஆகாது. பீடிப் புகையும் சுருட்டுப் புகையும் மட்டும் அல்ல. அடுப்புப் புகையும் அப்படித்தான். 1979-ஆம் ஆண்டில் வேலை கிடைத்து ஹைதராபாத்திற்கு வந்து சேர்ந்தபின், நான்கு ஆண்டுகள் மண்ணெண்ணெய் அடுப்போடு மல்லாடினோம். 1983-இல் காஸ் இணைப்புக் கிடைத்த அன்று என் மனைவி பாயசம் வைத்தாள். அண்டை வீட்டாருக்கும் கொடுத்தனுப்பினோம். அத்தகைய என் வீட்டு மொட்டைமாடியில் இன்று புகை எழுப்புவதற்கென்றே ஓர் இயந்திரம் நிற்கின்றது. அதற்கு ஏற்ற விறகைத் தேடி நான் அலைந்த கதையைத்தான் இங்கே எழுதப் புகுந்தேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய பிள்ளைகள் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெட்டிகளிலும் இப்படி ஒன்று வந்து இறங்கக்கூடும்.

என் மகன் பதினோர் ஆண்டுகள் டெக்ஸஸ் மாநிலத்தில் இருந்துவிட்டு 2023-இல் மனைவியோடும் குழந்தையோடும் திரும்பினான். கப்பலில் வந்த சாமான்களுள் சக்கரம் பூட்டிய கறுத்த இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. உருண்டையான வயிறு, ஒரு பக்கத்தில் புகைபோக்கி, மறு பக்கத்தில் தானியம் கொட்டும் தொட்டி போன்ற ஓர் அறை. செகந்தராபாத்தில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்த எனக்கு அதைப் பார்த்ததும் குட்டி ரயில் எஞ்சின் நினைவுதான் வந்தது. "இது என்ன தம்பி?" என்றேன். "பெல்லட் கிரில் அப்பா. கறி சுடுகிற அடுப்பு" என்றான். அந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்யப்பட்டதாகையால், இதை ஓட்டுவதற்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி ஒன்றையும் தனியாக வாங்க வேண்டியிருந்தது. அடுப்புக்கு மின்சாரம், விறகு இரண்டும் வேண்டுமா என்று என் மனைவி வியந்தாள்.

பெல்லட் என்பது வேறொன்றுமில்லை. மரத்தூளை நன்றாக உலர்த்தி, துளைகள் இட்ட எஃகுத் தகட்டின் வழியே பெரும் அழுத்தத்தில் நெருக்கித் தள்ளுகிறார்கள். அந்த நெருக்கத்தில் பிறக்கும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் என்னும் பொருள் இளகி, ஆறும்போது பசைபோல் இறுகிவிடுகிறது. ஆதலால் நல்ல பெல்லட்டுக்கு வேறு பசை தேவையில்லை. ஆறு மில்லிமீட்டர் கனத்தில், சிறு பென்சில் துண்டுகள் போல் பளபளவென்று இருக்கும். அவற்றைத் தொட்டியில் கொட்டினால், அடியில் உள்ள ஒரு திருகு சிறிது சிறிதாகத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளுகிறது. ஒரு மின்கம்பி பற்றவைக்கிறது. விசிறி காற்று ஊதுகிறது. 110 டிகிரி என்று குறித்துவிட்டால், அந்தச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது வீட்டைச் சூடாக்குவதற்கென்று அமெரிக்கர் கைக்கொண்ட எரிபொருள் இது. ஆரிகன் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சல் என்னும் சிற்றூரில் ஜோ ட்ரேகர் என்பவர் இதைச் சமையலுக்குத் திருப்பி, 1986-இல் காப்புரிமையும் பெற்றார். ஊதுகுழல் ஏந்திக் கண்ணீர் விட்ட நம் தாய்மார்கள் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

மகன் உடன் கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்தபோது நான் அருகில் இருந்தேன். அதன் மேல் 'மெஸ்கிட்' என்று அச்சிட்டிருந்தது. ஒரு பிடி அள்ளித் தொட்டியில் போட்டுப் பற்றவைத்தான். முதலில் சற்றே வெண்புகை வந்தது. பிறகு மெலிந்து நீலமாயிற்று. அந்தப் புகை என் மூக்கில் பட்ட மாத்திரத்தில் நான் மாடியில் இல்லை. கமுதிக்கு அருகே எங்கள் கிராமத்து வீட்டின் பின்கட்டில், மண் அடுப்பின் எதிரே, என் தாயின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"தம்பி, இது நம் ஊர் விறகடா" என்றேன்.

அவன் சிரித்தான். "அப்பா, நான் டெக்ஸஸ் போன முதல் மாதம் ஒரு கறிக்கடை ஓரமாக நடந்துபோனேன். அப்பத்தா வீட்டு வாசனை அடித்தது. நின்றுவிட்டேன். அதனால்தான் இந்த அடுப்பையே வாங்கினேன்" என்றான்.

அவனுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறை முழுவதையும் என் தாயுடன் கழித்தான். அடுப்பில் சீமைக் கருவேலம் எரிய, மண்சட்டியில் நாட்டுக்கோழி வெந்துகொண்டிருக்கும். அந்த மணத்தைத்தான் அவன் எட்டாயிரம் கல் தாண்டியும் மறக்காமல் இருந்திருக்கிறான். பின்பு விசாரித்ததில் எங்கள் மூக்குகள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. டெக்ஸஸின் மெஸ்கிட்டும் நம் சீமைக் கருவேலமும் ஒரே இனத்து மரங்கள், பங்காளி முறை. தாவர நூலார் இரண்டையும் ப்ராஸோபிஸ் என்ற குடும்பப் பெயரால் வழங்கி வந்தார்கள். நம்முடையது மத்திய அமெரிக்காவையும் கரீபியத் தீவுகளையும் தாயகமாக உடையது. 1870-களில் விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக வெள்ளைக்காரர் அதன் விதையை வரவழைத்துக் கடப்பை மாவட்டத்தில் விதைத்தார்கள். அதன் பின் அது வறண்ட நிலம் கண்ட இடமெல்லாம் பரவிற்று. இராமநாதபுரத்துக் கண்மாய்களை அது விழுங்கிய கதை எல்லோரும் அறிந்ததே. 2017-இல் அதை வேரோடு அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிடும் வரையில் விவகாரம் சென்றது. இங்கே தெலுங்கர்கள் அதைச் 'சர்க்கார் தும்ம' என்பார்கள். சர்க்கார் கொண்டுவந்த முள் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நாம் சாபமிட்டு வெட்டும் மரத்தின் உறவை அந்நாட்டார் மூட்டை கட்டிக் கறிக்கு மணமூட்டியாக விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

மகனுக்கு அந்த மணம் அப்பத்தாவின் கோழிக்குழம்பு. எனக்கோ அது வேறு. என் தாய் 1991-இல் கிராமத்தை விட்டு எங்களுடன் வந்து இருந்தார். வந்த நாள் முதல் இருமல். படி ஏறினால் மூச்சு வாங்கும். மழைக்காலத்து இரவுகளில் உட்கார்ந்தே உறங்குவார். மருத்துவர் பார்த்துவிட்டு, "இந்த அம்மாளுக்குப் பீடிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் அமைதியாக, "விறகடுப்பில் எத்தனை வருஷம் சமைத்தார்கள்?" என்றார். பதினாறாம் வயதில் மணமாகி வந்தவர்; எண்ணிப் பார்த்தேன்; நாற்பத்தைந்து ஆண்டுகள். மருத்துவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. 1996-இல் என் தாய் மறைந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அன்றைய ஆந்திர அரசு தீபம் என்னும் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்குக் காஸ் இணைப்புக் கொடுத்தது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் முப்பத்திரண்டு இலட்சம் பேர் மாண்டிருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அத்தனை பெரிய எண்ணிக்கை மனத்தில் பதிவதில்லை. எனக்கு ஒருவர் போதும்.

இதையெல்லாம் மகனிடம் நான் சொன்னதில்லை. அப்பத்தா வயதாகி இறந்தார் என்றுதான் அவன் அறிந்திருந்தான். அவன் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்று அன்றும் வாயை மூடிக்கொண்டேன்.

மெஸ்கிட் மூட்டை மூன்று மாதத்தில் தீர்ந்தது. மறு மூட்டையை வெளிநாட்டிலிருந்து தருவிக்க என்ன ஆகும் என்று பார்த்தால், அந்தப் பணத்தில் ஒரு மாத மளிகை வாங்கிவிடலாம். மகனுக்கு நான் உதவ எண்ணியது அப்போதுதான். ஓட்டல்களுக்கும் கொதிகலன்களுக்கும் பெல்லட் விற்பவர்கள் இந்நகரைச் சுற்றிலும் இருக்கிறார்கள். காஸை விட மலிவு என்பதால் சமையல் ஒப்பந்தக்காரர்கள் பலர் அதைத்தான் எரிக்கிறார்கள். அனல்மின் நிலையங்களிலும் நிலக்கரியோடு சிறிதளவு பெல்லட் கலந்து எரிக்க வேண்டும் என்று 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தபின் அந்தத் தொழில் வளர்ந்துவிட்டது. நான் ஒரு கடையில் ஒரு மூட்டை வாங்கி, ஆட்டோவில் ஏற்றி, பெருமையோடு வீட்டில் இறக்கினேன். உணவைச் சுடுவதற்கு என்று நான் சொல்லவில்லை. கடைக்காரர் கேட்கவும் இல்லை. குற்றம் என்னுடையதே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனுடைய நண்பர்கள் நால்வர் வந்திருந்தார்கள். கோழியை ஏற்றிப் பற்றவைத்தான். மஞ்சளும் சாம்பலும் கலந்த கனத்த புகை கிளம்பிற்று. கிளம்பியது அடங்கவே இல்லை. தச்சுப் பட்டறையில் பிளைவுட் அறுக்கும்போது எழும் நெடி. தீக்கிண்ணத்தில் சாம்பல் கட்டி தட்டி நெருப்பு இருமுறை அவிந்தது. கோழியை விருந்தினர்கள் மரியாதைக்கு ஒரு வாய் தின்றுவிட்டு, மனைவி செய்திருந்த தயிர்சாதத்துக்குப் போய்விட்டார்கள். அத்துடன் போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்போம். என் பேரனுக்கு ஏழு வயது. சிறு வயதிலேயே இழுப்பு உண்டு. அடுப்பைச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தவனுக்கு அன்றிரவு பதினொரு மணிக்கு இழுப்புக் கண்டது. மருந்துப் புகையூட்டும் கருவியை முகத்தில் பிடித்துக்கொண்டு மருமகள் உட்கார்ந்திருந்த காட்சி, என் தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த காட்சியாகவே எனக்குத் தெரிந்தது.

அப்போது என் நாக்கு கட்டவிழ்ந்தது. விறகை வாங்கி வந்தவன் நான் என்பதையும் மறந்து, "உன் அப்பத்தா செத்ததே இந்தப் புகையால்தானடா!" என்று மகனைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. விடியற்காலையில் குழந்தை தூங்கியது. மறுநாள் அந்த இயந்திரத்தின்மேல் தார்ப்பாய் போர்த்திக் கட்டப்பட்டிருந்தது. இரண்டு மாதம் அதை யாரும் அவிழ்க்கவில்லை. அவன் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பேசாதிருந்ததுதான் எனக்குப் பொறுக்க முடியாமற் போயிற்று. அவனுக்கு அவனுடைய அப்பத்தாவைப் பற்றி இருந்த ஒரே இனிய நினைவை நான் ஒரு வாக்கியத்தில் கரியாக்கிவிட்டேன் அல்லவா?

அதன் பின்புதான் இந்த விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள முற்பட்டேன். முதற்காரியமாக அந்த மூட்டையிலிருந்து நாலைந்து பெல்லட்டுகளை ஒரு கண்ணாடி டம்ளர் நீரில் போட்டேன். இது எளிய சோதனை. யாரும் செய்து பார்க்கலாம். மரத்தூள் மட்டும் உள்ள பெல்லட் சில நிமிடங்களில் கரைந்து, ஒரே நிறமுள்ள மென்மையான தூளாகிவிடும். எனக்குக் கிடைத்ததோ ஒரு கண்காட்சி. வைக்கோல் நறுக்கு, நிலக்கடலைத் தோல், மேலே ஒட்டும் வண்ணத் தாளின் சிம்புகள், கரையாமல் நின்ற பசைக் கட்டிகள். பிளைவுட்டை ஒட்டும் பசையில் ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சுப் பொருள் இருக்கிறது. கொதிகலனுக்கு வயிறு வலிக்காது. நமக்கு அப்படி அல்ல. சாம்பல் கட்டியதன் காரணமும் விளங்கிற்று. நல்ல மரத்தில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. மேலைநாட்டார் முதல்தரப் பெல்லட்டுக்கு வகுத்த அளவு 0.7 சதவீதம், ஈரம் 10 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். நெல் வைக்கோலிலோ பத்து முதல் இருபது சதவீதம் வரை சாம்பல்தான்.

ஆனால் அந்த முதல்தர முத்திரையும் குளிர்காய்வதற்கு எரிக்கும் பெல்லட்டுக்கு உரியது என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் பைன் முதலிய ஊசியிலை மரங்கள் தாராளமாக இருக்கும். அவற்றின் பிசின் எரிந்தால் உணவில் கரியும் கசப்பும் ஏறும். உணவுக்கென்று செய்யப்படும் பெல்லட்டோ ஓக், ஹிக்கரி, மேப்பிள், ஆப்பிள், செர்ரி போன்ற அகன்ற இலை மரங்களால் ஆனது. மணத்தைத் தருவது பெரும்பாலும் அந்த லிக்னின்தான். சூட்டில் அது சிதையும்போது மணப்பொருள்கள் பிறக்கின்றன. மர இனத்துக்கு மர இனம் அதன் அமைப்பு வேறுபடுவதால்தான் புகையும் வேறுபடுகிறது. மூட்டையின்மேல் ஆப்பிள் படம் போட்டிருப்பதால் உள்ளே அத்தனையும் ஆப்பிள் மரம் என்று நம்பிவிடக் கூடாது. பல வகைகளில் ஓக் போன்ற மலிவான மரம் பாதிக்கு மேல் இருக்கும். சிலவற்றில் மண எண்ணெய் தெளிப்பதும் உண்டு. நூற்றுக்கு நூறு அதே மரம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவு நுணுக்கமாக நான் என் மருமகளைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. அவளை மகனே பார்த்துக்கொண்டான்.

ரம்ஜான் மாதம் வந்தது. பழைய நகரில் வாழும் என் அலுவலக நண்பர் ஒருவர் ஹலீம் சமைக்கும் இடத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். ஹைதராபாத் ஹலீம் 2010-இல் புவிசார் குறியீடு பெற்றது. கோதுமையும் இறைச்சியும் பன்னிரண்டு மணி நேரம் வரை, மண்ணும் செங்கல்லும் கொண்டு கட்டிய பெரிய அடுப்பில் விறகுத் தீயிலேயே வேகும். இடையறாமல் பெரிய மரக்கோலால் இடிப்பார்கள். விறகைப் பற்றி இவர்களுக்குத் தெரியாதது இருக்குமா? அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "மணத்துக்கு எந்த விறகு நல்லது?" என்று நண்பர் மூலம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எனக்கு வேண்டியது நெருப்பு, புகை எதற்கு? புகைகிற விறகு பச்சை விறகு" என்றார். அடுக்கியிருந்த முள்மரக் கட்டைகளில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். கணீர் என்று ஒலித்தது. "இப்படிப் பேச வேண்டும். தொப்பென்று விழுந்தால் ஈரம்" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே எண்ணிக்கொண்டு வந்தேன். இந்நகரத்தார் சமைக்கும் பிரியாணிச் சட்டியை மாவால் வாய் பூசி அடைத்துவிடுகிறார்கள். மூடியின் மேல் தணல் இருக்கும், உள்ளே புகை புகாது. கருங்கல்லைக் காய வைத்து அதன்மேல் சுடும் பத்தர் கா கோஷ்த்திலும் கல்தான் நடுவே நிற்கிறது. புகை மணம் வேண்டியபோது ஒரே ஒரு தணல் துண்டைச் சிறு கிண்ணத்தில் வைத்து, அதன்மேல் ஒரு கரண்டி நெய் விட்டு, சட்டியை ஐந்து நிமிடம் மூடிவிடுவார்கள். துங்கார் என்பது அதன் பெயர். புகையைத் தாளிப்பு அளவுக்கு வைத்திருக்கிறார்கள். கடுகை யாரும் படி அளந்து போடுவதில்லை. டெக்ஸஸ்காரர் பத்து மணி நேரம் புகையிலேயே கறியைக் குளிப்பாட்டுவதைவிட இது எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. மகன் இதை ஒப்பவில்லை.

மாசி மாதம் குலதெய்வக் கோயிலுக்காக ஊருக்குப் போயிருந்தபோது சின்னம்மா மகனைப் பார்க்கச் சென்றேன். அவன் கரிமூட்டம் போடுகிறவன். சீமைக் கருவேலத்தை வெட்டிக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் கொண்டு பூசி, உள்ளே தீ வைத்து, காற்றை ஒடுக்கிப் பல நாள் வேகவைப்பார்கள். மூட்டத்தைத் திறந்து பார்க்க முடியாது. பார்த்தால் காற்றுப் புகுந்து எல்லாம் சாம்பல். புகையைப் பார்த்துத்தான் உள்ளே நடப்பதை அறிய வேண்டும். "வெள்ளையாக் குமுறி வந்தா தண்ணி போகுதுண்ணே. மஞ்சளா வந்தா இன்னும் வேகுது. நீலமா, மெலிசா, கண்ணுக்குத் தெரியுதா தெரியலையான்னு வந்தா முடிஞ்சது, துவாரத்தை அடைச்சிரணும்" என்றான். அமெரிக்கக் கறிசுடுவோர் புத்தகம் புத்தகமாக எழுதிவைத்திருப்பதும் அதுவேதான்: மெல்லிய நீலப் புகை நல்லது, கனத்த வெண்புகை கசப்பு. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய என் தம்பி அதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். அவன் இருமிக்கொண்டேதான் சொன்னான். மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேன். "கட்டினா மணம் தெரியாதேண்ணே" என்றான். மருத்துவரிடம் ஒருமுறை காட்டும்படி சொல்லி, மதுரைக்குப் போகக் கையில் சிறிது பணமும் வைத்துவிட்டு வந்தேன்.

வரும்போது பட்டை உரித்து ஓராண்டு காய்ந்த சீமைக் கருவேலச் சில்லுகள் ஒரு சாக்கு கொண்டுவந்தேன். பட்டையில்தான் சாம்பலும் தூசும் மிகுதி. ஆதலால் உரிப்பது நல்லது. ஹைதராபாத்துக்காரர்கள் காசு கொடுத்துப் புகை வாங்குகிறார்கள் என்று ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். கமுதியிலிருந்து விறகை ரயிலேற்றிய முதல் பைத்தியக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

சாக்கை மாடிப்படியின் கீழே வைத்துவிட்டு, மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாயின் நோயையும் சொன்னேன். நான் கத்தியதற்கு வருந்துவதையும் சொன்னேன். அவன் வெகுநேரம் கழித்து, "அப்பத்தாவுக்கு ஒரு புகைபோக்கியாவது கட்டிக் கொடுத்திருக்கலாமே அப்பா" என்றான். அதற்கு என்னிடம் விடை இல்லை. அப்போது நான் மாதச் சம்பளக்காரன், கட்டியிருக்கலாம்தான். தோன்றவில்லை.

இனி எப்படிச் செய்வது என்று இருவரும் உட்கார்ந்து தீர்மானித்தோம். வெப்பத்துக்கு, உணவுக்கென்றே செய்த, மணம் மிகாத ஓக் பெல்லட் ஒரு மூட்டை வரவழைத்தான். மெஸ்கிட் இனத்து மரத்தின் புகை மிகக் காரமானது. நெடுநேரம் எரித்தால் கறி கசந்துவிடும். ஆகவே நம் ஊர்ச் சில்லுகள் ஒரு பிடியை, துளையிட்ட தகரப் பெட்டியில் போட்டு முதல் அரைமணி மட்டும் வைப்பது. கறி குளிர்ச்சியும் ஈரமுமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் புகை நன்கு பற்றுமாம். அடுப்பை மாடியின் கிழக்கு ஓரத்துக்கு நகர்த்தினோம். இங்கே மழைக்காலத்தில் காற்று மேற்கிலிருந்து வீசும். புகை படிப்பக்கம் வராது. கூரை உள்ள இடத்திலும் பால்கனியிலும் இதை எரிக்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு தங்கிவிடும். பற்றவைத்துக் குறைந்தது பத்து நிமிடம், புகை நீலமாகும் வரை, கறியை ஏற்றுவதில்லை. பேரன் அந்தப் பக்கமே வரக் கூடாது. கீழே சன்னல்களை மூடிப் பாட்டியோடு சீட்டு விளையாட வேண்டும். மாதம் ஒருமுறைக்கு மேல் இல்லை. இது மருமகள் போட்ட விதி, மேல்முறையீடு கிடையாது.

பெல்லட்டின் பெரும் பகை ஈரம். இந்நகரத்து ஆடி மழையில் மூட்டையை அப்படியே வைத்தால் உப்பித் தவிடாகிவிடும். அந்தத் தவிடு திருகில் இறுகினால் கழற்றி எடுக்க அரை நாள் ஆகும். நாங்கள் அரிசி கொட்டிவைத்த பழைய தகர டின்னில் போட்டு, பலகையின்மேல் நிறுத்தியிருக்கிறோம். தொட்டியில் மீந்ததையும் அன்றன்றே எடுத்து டின்னில் போட்டுவிட வேண்டும். அடியில் தங்கும் பொடியைச் சலித்து எறிந்துவிடலாம். பொடி மிகுந்த மூட்டை என்றால் பழையது அல்லது உருட்டிப் புரட்டப்பட்டது என்று பொருள். மின்சாரம் அடிக்கடி போகும் நாளில் பற்றவைக்காமல் இருப்பது உத்தமம்; விசிறி நின்றால் தீ தொட்டிப் பக்கம் ஊர்ந்துவிடக்கூடும்.

சென்ற மாதம் மழை விட்ட ஒரு ஞாயிறு மாலை முதல்முறையாக அப்படிச் செய்தோம். மனைவி ஊர் மசாலை அரைத்துக் கோழியில் தடவிக் கொடுத்தாள். புகை நூல்போல் எழுந்து கிழக்கே கரைந்தது. நான் சற்றுத் தள்ளியே நின்றேன். கீழே கொண்டுபோய் இலையில் வைத்ததும் மகன் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டான். என்ன சொல்லப்போகிறானோ என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்பத்தா இன்னும் கொஞ்சம் உப்புப் போடுவாங்க" என்றான்.

நானும் இரண்டு துண்டு தின்றேன். பேரன் அன்றிரவு நன்றாக உறங்கினான். காலையில் மாடிக்குப் போய்த் தீக்கிண்ணத்தைத் திறந்து பார்த்தேன்; அத்தனை நேரம் எரிந்ததற்கு இரண்டு கரண்டிச் சாம்பல்தான், வெண்மையாக, மாவுபோல் இருந்தது. மனைவி அதை வாங்கிக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டாள். என் தாயாக இருந்தால் பாத்திரம் துலக்க எடுத்துவைத்திருப்பார்.